பயன்பாட்டில் இல்லாத பட்டி

பர்கூர் மலைக்காட்டில் மாடு அடைக்கும் பட்டிகளை வனத்துறை கணக்கெடுத்தபோது, வனவரான என் கையில் இருந்த படிவத்தில் இரண்டே விடைதான்: பயன்பாட்டில் உள்ளது, இல்லை. அந்தப் பட்டிக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதினேன். கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினேன். சாணம் காய்ந்து ஏடு ஏடாகப் பெயர்ந்து, கறையான் ஏறிக் கிடந்தது. முள்வேலியில் ஆள் நுழையும் அளவுக்குச் சந்து விழுந்திருந்தது. உள்ளே முழங்கால் உயரத்துக்குத் தும்பை. இதைப் பார்த்துவிட்டு வேறென்ன எழுதுவது?

பட்டிக்காரப் பெரியவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ்.

“என்னங்க சாமி எழுதுனீங்க?”

சொன்னேன்.

“மருமவளுக்குப் பிரசவம், பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போயிட்டான். அதனால மாட்டை ஊருப்பக்கமே மேச்சுக்கிட்டோம். ஒரு வருசம் வராமப் போனா எங்க பட்டி இல்லைன்னு ஆயிருமுங்களா?”

“இது வெறும் கணக்கெடுப்புதாங்க. இதனால உங்களுக்கு ஒண்ணும் ஆகாது.”

அந்தப் பதிலைத்தான் இன்னும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பொய் சொன்னேனா என்றால் இல்லை. 1972 வனவிலங்குச் சட்டம் சரணாலயத்துக்குள் மேய்ச்சலை அடியோடு ஒழிக்கவில்லை; முறைப்படுத்தவும் தடுக்கவும் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அதிகாரம் தருகிறது, அவ்வளவுதான். 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை உரிமை என்றே சொல்கிறது. சரணாலயக் காட்டுக்கும் அது பொருந்தும். ஏட்டின்படி நான் சொன்னது சரி.

ஆனால் 2022 மார்ச்சில் வந்த உயர் நீதிமன்ற உத்தரவும் எனக்குத் தெரியும். முதலில் தமிழ்நாட்டுக் காடு முழுவதும் மேய்ச்சல் கூடாது என்றார்கள். அடுத்த சில நாட்களில் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா இவற்றுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். பர்கூர் அன்று வெறும் காப்புக்காடு, அதனால் தப்பித்தது. மறு வருடம் பட்ஜெட்டில் தந்தை பெரியார் சரணாலயம் என்று அறிவிப்பு வந்தபோது, அந்தியூர், கோபி வட்டத்துக் காடு சுமார் 800 சதுர கிலோமீட்டர் அந்தச் சரணாலய எல்லைக்குள் போகப்போகிறது என்பது எங்களில் எல்லோருக்கும் புரிந்துதான் இருந்தது. அரசாணை 2024 ஜனவரியில் வந்தது. நான் படிவத்தோடு நின்றது இரண்டுக்கும் நடுவில். இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கலாம். வனவர் வேலை அதுவா? இன்னும் முடிவாகாத ஒன்றைச் சொல்லி ஊரைக் கிளப்பிவிட்டான் என்ற பேர்தான் மிஞ்சும்.

சரணாலயம் வேண்டாம் என்கிற ஆள் இல்லை நான். சத்தியமங்கலத்துக்கும் மாதேஸ்வரன் மலைக்கும் காவிரிக் கரைக்கும் யானை நடப்பது இந்தக் காட்டு வழியாகத்தான். கோமாரி கண்ட மாடு குடித்த குட்டையில் காட்டெருதும் குடிக்கிறது. மாடு மேய்ந்தால்தான் உண்ணிச்செடி என்ற களைப்புதர் அடங்கும் என்பார்கள் மாட்டுக்காரர்கள். மாடு மிதித்ததால்தான் அந்தச் செடி வந்தது என்போம் வனத்துறைக்காரர்கள் நாங்கள். எதற்கும் உண்ணிச்செடியைச் சாட்சிக்கு இழுப்பது இரண்டு பக்கமும் உள்ள பழக்கம்.

போதாததற்கு, இல்லாத பட்டியை இருக்கிறது என்று கைகாட்டியவர்களும் அந்த வாரம் உண்டு. இவருக்கு ‘உள்ளது’ என்று எழுதினால் அவர்களுக்கு என்ன எழுதுவது? இவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், பேச்சோடு பேச்சாக ஒரு முள்ளுக்கொம்பைத் தூக்கிச் சந்தில் செருகிவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசினார். விட்டுப்போன இடத்தை யாரும் அப்படிச் செப்பனிட மாட்டார்கள். ஆனால் அதை எழுதப் படிவத்தில் இடம் ஏது?

குறிப்புக் கட்டத்தில் ‘இவ்வாண்டு மட்டும் வரவில்லை எனக் குடும்பத்தார் கூற்று’ என்று பொடி எழுத்தில் சேர்த்தேன். தட்டச்சாகிக் கையெழுத்துக்கு வந்த தாளில் அந்தக் கட்டமே இல்லை. அகலம் போதவில்லையாம். கேட்டேன், எல்லாச் சரகத்துக்கும் ஒரே மாதிரி என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். போடாமல் இருந்தாலும் பட்டியல் போயிருக்கும், வேறொருவர் பேரில்.

சோளகர் என்றால் பழங்குடிச் சான்றிதழ் ஒன்று கையில் இருக்கும். இவர் லிங்காயத்து. வன உரிமைச் சட்டத்தில் பழங்குடி அல்லாதவர் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். 75 வருடத்துக்கு முன்னால் பட்டிக்கு ரசீது யார் கொடுத்தார்கள்? ஊர்ப் பெரியவர்கள் வாக்குமூலத்தை எழுதி வாங்கி வைக்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் சர்க்கார் காகிதம் ஒன்று எதிரே கிடக்கும்போது வாக்குமூலத்துக்கு எவ்வளவு மதிப்பு இருக்கும் என்பது மனு பார்க்கிற ஆளைப் பொறுத்தது.

போன மாதம் அந்தப் பெரியவரின் மகன் அந்தியூர் பஸ் ஸ்டாண்டில் பிடித்துக்கொண்டான். கிராம சபையில் மனு கொடுக்கிறார்களாம். எங்கள் கணக்கெடுப்புத் தாளின் நகலை இணைத்தால் உதவுமா என்று கேட்டான். அதில் பட்டியின் பேரும் இடமும் சர்க்கார் கையாலேயே இருக்கிறது; அவ்விடத்தில் அப்படியொரு பட்டி இருந்ததற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. அதே வரியில் கடைசிச் சொல் என்னுடையது. இரண்டையும் அவனிடம் சொன்னேன். அப்புறம், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு முதலில் நகலை வாங்கு, இணைப்பதா வேண்டாமா என்பதை வக்கீலிடம் காட்டிவிட்டு முடிவு பண்ணு என்றேன். மனு எழுத வெள்ளைத்தாள் இல்லை என்றான். எதிர்க்கடையில் வாங்கி, முகவரியை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.