வாசலில்தான் நிற்கிறேன்

அப்பாவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்துவரும் நாள். வாடகைக் காரை வாசலில் நிறுத்திவிட்டு, மாடியில் அப்பாவோடு இருந்த தம்பிக்குப் போன் செய்தேன். "வாசல்லதான் நிக்கிறேன், கூட்டிட்டு வா."

பத்து நிமிடம், இருபது நிமிடம் ஆகியும் யாரும் வரவில்லை. காவலாளி மூன்று முறை வந்து வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார். கோபத்தோடு படியேறிப் போனால், அப்பா சட்டைகூட மாற்றாமல் சாய்ந்து படுத்திருக்கிறார். தம்பி பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறான்.

"நிஜமாவே வந்துட்டியா?" என்றான். "நீ வாசல்ல நிக்கிறேன்னா, இப்பத்தான் குளிச்சிட்டு வந்து செருப்பைத் தேடுறேன்னு அர்த்தம். முக்கால் மணி நேரம் இருக்குன்னு நினைச்சேன்."

அப்பா சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

இரவு தூக்கம் வரவில்லை. 'வந்துட்டே இருக்கேன்', 'பாதி முடிஞ்சிருச்சு', 'நாளைக்குக் கண்டிப்பா' என்று நான் சொன்ன எல்லாவற்றுக்கும் வீட்டில் ஓர் அகராதி வைத்திருந்திருக்கிறார்கள். நான் சொன்னதை யாரும் நம்பவில்லை, சண்டையும் போடவில்லை. நான் சொன்ன நேரத்தைச் சத்தமில்லாமல் பெருக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டார்கள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

சரி, இனிமேல் உண்மைதான் என்று கிளம்பினேன். கிளம்பிய திசைதான் தப்பு. தம்பி ஒரு நேர்காணலுக்குத் தயார் செய்துகொண்டிருந்தான். பேசிக்காட்டச் சொல்லிக் கேட்டேன். "மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிக்கிற மாதிரி இருக்கு. உனக்கே நீ சொல்றதுல நம்பிக்கை இல்லை." நேர்காணலுக்கு முந்தைய ராத்திரி இதைச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் எழுந்து போனான். பத்து நாள் என்னோடு பேசவில்லை.

"உண்மையைத்தானே சொன்னேன்?" என்று அப்பாவிடம் நியாயம் கேட்டேன். அவர் பழைய தமிழாசிரியர்.

"திருக்குறள்ல வாய்மை எத்தனையாவது அதிகாரம்?"

தெரியவில்லை.

"30. துறவறவியல்ல இருக்கு. இனியவை கூறல் 10. இல்லறவியல். நீ இருபது அதிகாரத்தைத் தாண்டிக் குதிச்சிட்டே."

எடுத்துப் பார்த்தேன், கணக்கு சரிதான். வாய்மை அதிகாரத்தின் முதல் குறளே, யாருக்கும் தீமை இல்லாததைச் சொல்வதுதான் வாய்மை என்கிறது. (அப்பா அதை வேண்டுமென்றே எனக்கு விட்டுவைத்திருக்கிறார்.)

அந்த இரண்டு வாரத்தில் நான் பேசிய உண்மைகளை எண்ணிப் பார்த்தேன். எல்லாம் அடுத்தவரைப் பற்றியவை. என்னைப் பற்றி ஒன்றுகூட இல்லை. அதே நாட்களில் அலுவலகத்தில் ஒருவருக்கு, திறக்காத கோப்பை 'பார்த்துட்டிருக்கேன்' என்று பதில் அனுப்பியிருந்தேன்.

அவரை அழைத்து, "இன்னும் திறக்கவே இல்லைங்க" என்றேன். சொல்வதற்குள் நாக்கு உலர்ந்துவிட்டது. அவர் "அப்படியா, வியாழக்கிழமைக்குள்ள முடியுமா?" என்றார். அவ்வளவுதான்.

தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். சொன்ன விஷயத்துக்காக இல்லை, சொன்ன ராத்திரிக்காக. "விஷயம் சரிதான்" என்று அவனே ஒப்புக்கொண்டான், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

போன வாரம் அவனைக் கூட்டிவரக் கிளம்பும்போது போனில் சொன்னேன், "இன்னும் கிளம்பலை. அரை மணி நேரம் ஆகும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் கேட்டான்: "உன் அரை மணியா, எல்லாரோட அரை மணியா?"