பெல்ட்டில் எத்தனை தையல்

மார்ச் 9, 2024, சனி

படுத்துக்கொண்டே எழுதுகிறேன். வலது காலுக்கு அடியில் இரண்டு தலையணை.

கடைசிச் சுற்று ரண்டோரி. ஜூடோவில் பயிற்சிச் சண்டைக்கு அதுதான் பெயர். எதிரில் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை, ஆறு வருடமாக என் காலரைப் பிடித்து என்னைத் தூக்கிப் போடுகிறவள். கறுப்பு பெல்ட். என்னைவிடப் பன்னிரண்டு கிலோ கூடுதல். ஓசோட்டோ காரி போட வந்தாள். காலை வெளிப்பக்கமாக வாரி, ஆளைப் பின்னால் சாய்க்கிற வீச்சு. வருவது தெரிந்துவிட்டது. பேசாமல் விழுந்திருக்கலாம். இன்றைக்கு என்னவோ, விழக் கூடாது என்று ஒரு வீம்பு. காலை ஊன்றி நின்றேன். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. முட்டிக்குள் 'டப்' என்றது. விரலில் நெட்டி முறிகிற சத்தம்தான், ஆனால் எங்கோ ஆழத்திலிருந்து.

கத்தினேனாம். எனக்கு ஞாபகமில்லை. ஞாபகமிருப்பது சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சொன்ன ஒரே வார்த்தை: "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல." ஒருவர் காலைப் பிடித்து நீட்டிவிடக்கூடப் பார்த்தார். அக்கா போட்ட அதட்டலில் கையை எடுத்துக்கொண்டார். அப்புறம் அவள் என் பாதத்துக்கு இரண்டு பக்கமும் கையால் அணை கொடுத்து உட்கார்ந்தாள். தன் பெல்ட்டின் முனையை எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

"முட்டியப் பாக்காத. இதுல எத்தனை வரி தையல் ஓடுதுன்னு எண்ணு."

கறுப்புத் துணியில் கறுப்பு நூல். ஓரமெல்லாம் தேய்ந்து உள்ளே இருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கிறது. கண்ணால் எண்ண முடியவில்லை, நகத்தால் ஒவ்வொரு வரியாகத் தடவித் தடவித்தான் எண்ண வேண்டியிருந்தது. இரண்டு தடவை விட்டுப்போனது. மூன்றாவது தடவை ஒன்பது வந்தது.

"ஒன்பது."

"சரி. இப்ப மூச்சு விடு."

அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

மார்ச் 10, ஞாயிறு

முட்டி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது, அவ்வளவு வீக்கம். அடிபட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் இப்படி வீங்கினால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்க வாய்ப்பு அதிகம். இதைத் தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம்.

ஐஸ் வை என்று பாதிப் பேர், வைக்காதே என்று மீதிப் பேர். ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைப்பது என்ற சூத்திரத்தை 1978-இல் எழுதிய கேப் மிர்கின் என்ற மருத்துவரே, பல வருடம் கழித்து, ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று மாற்றிச் சொன்னார். நான் வைத்துக்கொண்டேன். குணமாவது இருக்கட்டும், எனக்குத் தூங்க வேண்டும்.

மார்ச் 13, புதன்

மருத்துவர் என் முட்டியை லேசாக மடக்கி, தொடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கீழ்க்காலை இன்னொரு கையால் முன்பக்கமாக இழுத்துப் பார்த்தார். லாக்மன் சோதனை. முதலில் நல்ல காலில் செய்தார். கயிறு இழுபட்டு நிற்கிற மாதிரி சட்டென்று நின்றது. அடிபட்ட காலில் நிற்கவே இல்லை, கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போனது. வலியைவிட அந்த வழுக்கல்தான் வயிற்றைப் பிசைந்தது. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

மார்ச் 16, சனி

ஏ.சி.எல். முழுதாக அறுந்திருக்கிறது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள் குறுக்கே இழுத்துக் கட்டியிருக்கும் நார். எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் ஜவ்வில் கிழிசல் இல்லை.

ஆபரேஷன் உடனே வேண்டுமா என்று கேட்டேன். அவசரமில்லை, வீக்கம் வடிந்து முட்டி முழுதாக நீளட்டும் என்றார். வீட்டுக்கு வந்து படித்தேன். ஸ்வீடனில் இப்படி அடிபட்ட இளவயதுக்காரர்கள் 121 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்திருக்கிறார்கள், 2010-இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு ஆரம்பத்திலேயே ஆபரேஷன். இன்னொரு பிரிவில் 59 பேர், அவர்களுக்கு முதலில் உடற்பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். இரண்டு வருடத்தில் அந்த 59 பேரில் 23 பேர்தான் ஆபரேஷனுக்குப் போனார்கள். சராசரியில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அவர்களை யாரும் காலை வாரித் தூக்கிப் போடவில்லையே. ஜூடோவுக்குத் திரும்ப வேண்டும் என்றால் கணக்கு வேறாக இருக்கலாம். மூன்று மாதம் பயிற்சி, பிறகு முடிவு என்று பேசியிருக்கிறோம்.

அக்காவுக்கு ரிப்போர்ட்டை அனுப்பினேன். பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

மார்ச் 24, ஞாயிறு

எட்டு நாள் கழித்து இன்றைக்கு வந்தாள்.

இதற்கிடையில் ஜப்பானிய ஜூடோ வீரர் யமாஷிடாவின் கதையை நான்கு பேர் அனுப்பிவிட்டார்கள். 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் நடுவில் கெண்டைக்கால் தசை கிழிந்தும், நொண்டிக்கொண்டே தங்கம் வாங்கியவர். அதற்கு நான்கு வருடம் முன்னால் இன்னொரு போட்டியில், காலைக் கத்தரி மாதிரி கவ்வி விழவைக்கிற கனி பாசாமியில் அவருக்குக் கால் எலும்பே முறிந்தது. அந்த வீச்சுக்கு இப்போது தடை. பெரிய மனிதர்தான். ஆனால் கெண்டைக்கால் தசை வேறு, ஏ.சி.எல். வேறு. படுத்துக் கிடக்கிறவளுக்கு இதை அனுப்பினால் "நீ ஏன் இன்னும் எழுந்திருக்கலை" என்றுதான் காதில் விழும்.

இதை அக்காவிடம் புலம்பினேன். "எனக்கு யமாஷிடா ஞாபகம் வரல. ரஷ்வான் ஞாபகம்தான் வந்துச்சு" என்றாள். இறுதிச் சுற்றில் அவரிடம் தோற்ற எகிப்துக்காரர். மேடையில் ஏற யமாஷிடாவுக்குக் கை கொடுத்தவர். அந்தக் கால் வலிக்கிறது என்று தெரிந்துகொண்டே எதிரில் நின்றவர்.

அப்போதுதான் உறைத்தது, எட்டு நாளாக அவள் எங்கே நின்றுகொண்டிருந்தாள் என்று.

"உன் மேல தப்பில்லக்கா" என்றேன். நானும் அந்த "ஒண்ணுமில்ல" ரகத்தில் சேர்ந்துவிட்டேன்.

"இருக்கு. நீ கால ஊன்றினது எனக்குத் தெரிஞ்சுது, விட்டிருக்கலாம், விடல. உன் மேலயும் இருக்கு. வெள்ளை பெல்ட்டுக்கு மொத நாள் என்னடி சொல்லித் தர்றோம்? விழறதுக்கு. ஆறு வருஷம் கழிச்சு விழ மாட்டேன்னு நின்னா?"

இரண்டு வாரத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் கொஞ்சம் அழுகையும் வந்தது. அவள் பேசாமல் காலுக்கடியில் நழுவிய தலையணையைச் சரிசெய்தாள்.

ஏப்ரல் 11, வியாழன்

முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டு. முட்டியின் பின்பக்கத்தால் அதை அழுத்த வேண்டும், ஐந்து எண்ணும்வரை. இவ்வளவுதான் பயிற்சி. முதல் வாரம் இதுவே வரவில்லை. மூட்டு வீங்கியிருந்தால் தொடைத் தசைக்கு நரம்பு வழியாகத் தடை விழுந்துவிடுமாம், நாம் ஏவினாலும் கேட்காது. தொடையை முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி. இப்போது அழுத்துகிறது. சுற்றளவில் மட்டும் இடது தொடையைவிட இரண்டரை சென்டிமீட்டர் குறைவு.

அக்கா தினமும் இரவு ஒரு கேள்வி அனுப்புகிறாள்: "எத்தனை?" செய்த எண்ணிக்கையை மட்டும் பதிலாக அனுப்புகிறேன். வேறு பேச்சே கிடையாது. செய்யாத அன்றைக்குப் பூஜ்யம். அதற்கும் ஒரு "சரி" வருகிறது.

மே 18, சனி

இன்றைக்குப் பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். பயிற்சி மெத்தையில் ஏற அனுமதி இல்லை, ஓரத்தில் நாற்காலி. ஆபரேஷன் பற்றிய முடிவு அடுத்த மாதம். செய்தாலும் ஒன்பது மாதத்துக்கு முன்னால் சண்டை கூடாது என்று இப்போதே சொல்லிவிட்டார்கள்.

எல்லாரும் விழுந்துகொண்டிருந்தார்கள். கையால் மெத்தையை அடித்து, 'பட் பட்' என்று. அந்தச் சத்தத்தை நான் இவ்வளவு தேடியிருக்கிறேன் என்று தெரியாது.

முடிந்ததும் அக்கா வேர்க்க வேர்க்க வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பெல்ட் முனை என் மடியில் விழுந்தது. சும்மாதான், நகத்தால் தடவினேன். மறுபடியும் தடவினேன்.

"அக்கா, இதுல எட்டு வரிதான் இருக்கு."

"ஆமா, எட்டுதான்."

"அன்னைக்கு நான் ஒன்பதுன்னு சொன்னேனே."

"சொன்ன. திருப்பி எண்ணச் சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள வண்டி வந்துடுச்சு."