முழுமீன், எட்டு நிமிடம், புகையும் எண்ணெய்

திருகோணமலையில் சைனீஸ் கடை என்றால் பிரைட் ரைஸ், டெவல் சிக்கன், ஹொட் பட்டர் கணவாய். இந்தக் கணவாய் சீனாவில் தேடினாலும் கிடைக்காது. அது இலங்கையில் பிறந்த சாப்பாடு. அதில் குற்றம் ஒன்றுமில்லை, நல்லாகவே இருக்கும். ஆனால் சீனாவில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு கைப்பக்குவம். சிச்சுவான்காரர் மிளகாயோடு நாக்கை மரக்க வைக்கும் ஒரு மிளகையும் போடுவார்கள். தெற்குக் கரையோரக் குவாங்டொங்கில், அதாவது கன்டனீஸ் சமையலில், மீன் மீனாகவே ருசிக்க வேண்டும். கரைவலையும் நாள்படகும் உள்ள எங்கள் ஊருக்கு ஒத்துவருவது இதுதான். முழுமீனை ஆவியில் அவிப்பதைக் கடையில் சொல்லியும் செய்விக்கலாம், வீட்டிலும் செய்யலாம்.

600 முதல் 700 கிராம் வரை உள்ள ஒரு மீன் போதும். கொடுவா, களவா, விளைமீன் மூன்றும் நல்லது. சூரை வேண்டாம், அதன் சிவப்புத் தசை அவித்தால் வாடை அடிக்கும். பலநாள் படகில் ஐஸில் கிடந்து வந்த மீனைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். புளியும் தூளும் மறைப்பதை ஆவி மறைக்காது. கண் தெளிந்து புடைத்திருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். மாரி காலத்தில் கடல் அடித்து நாள்படகு இறங்காத கிழமைகளில் இந்த ஆசையை விட்டுவிடுவதே நல்லது.

எங்கள் கை தானாகவே மஞ்சளுக்கும் உப்புக்கும் தேசிக்காய்க்கும் போகும். போகவிடாதீர்கள். புளி பட்டதும் தசை அவியும் முன்பே வெளுத்து இறுகிவிடும், உப்பு அதன் சாற்றை இழுத்துவிடும். தடித்த பக்கத்தில் எலும்புவரை இரண்டு கீறல், வயிற்றுக்குள் நாலு துண்டு இஞ்சி, அவ்வளவுதான். தட்டில் இரண்டு வெங்காயத்தாள் தண்டை வைத்து அதன்மேல் மீனைக் கிடத்துங்கள். ஆவி கீழேயும் போகும். இல்லாவிட்டால் மேல்பக்கம் வெந்து முடிந்தபிறகும் அடிப்பக்கம் பச்சையாக இருக்கும்.

இடியப்பம் அவிக்கிற ஸ்டீமரே போதும், தட்டு உள்ளே அடங்க வேண்டும். மூங்கில் கூடை மூடி ஈரத்தை உறிஞ்சும், அலுமினிய மூடியோ அதைச் சொட்டுச் சொட்டாக மீன்மேல் விடும். மூடியைத் துணியால் சுற்றிக் கட்டிவிடுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் மீன் உள்ளே போக வேண்டும். 600 கிராமுக்கு 8 நிமிடம், 700க்கு 9. நடுவில் திறந்து பார்த்தால் கணக்குக் கெட்டுவிடும். நேரம் முடிந்ததும் தலைக்குப் பின்னால் உள்ள தடித்த இடத்தில் ஒரு குச்சியை விடுங்கள். தடையில்லாமல் இறங்கி, எலும்போரம் தசை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் சரி. நார்நாராகப் பிரிந்தால் பிந்திவிட்டீர்கள்.

தட்டில் தேங்கிய தண்ணீரைச் 'சாறு' என்று வைத்துக்கொள்ளாமல் முழுக்க ஊற்றிவிடுங்கள். மீன் வாடை எல்லாம் அதில்தான். பலருடைய மீன் கெட்டுப்போவது இந்த இடத்தில். அடியில் வைத்த தண்டுகளையும் எடுத்துவிட்டு, தட்டை ஈரம்போகத் துடையுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும்.

நூலாக அரிந்த இஞ்சியையும் வெங்காயத்தாளையும் குளிர்ந்த தண்ணீரில் 5 நிமிடம் போட்டால் சுருண்டு வரும். அதைப் பிழிந்து மீன்மேல் குவியுங்கள். லீக்ஸ் இதற்கு ஒத்துவராது, தடிப்பு. தாச்சியில் 3 மேசைக்கரண்டி கடலை எண்ணெயைப் புகை எழும்வரை காயவையுங்கள். ஒரு வெங்காயத்தாள் துண்டைப் போட்டுப் பார்த்தால் உடனே சீற வேண்டும். அதைக் குவியல்மேல் ஊற்றும்போது 'சுர்ர்' என்று ஒரு சத்தம். சத்தம் வராவிட்டால் பச்சை வாடை போகாது, மீனும் எண்ணெய் பிடித்துக் கிடக்கும். தேங்காய் எண்ணெய் தன் மணத்தால் மீனை மூடிவிடும்.

கடைசியாக 3 மேசைக்கரண்டி லைட் சோயா சோஸ், 1 மேசைக்கரண்டி தண்ணீர், 1 தேக்கரண்டி சீனி, மூன்றையும் சூடாக்கித் தட்டின் ஓரத்தில் ஊற்றுங்கள். கறுப்பாகத் தடித்திருக்கும் டார்க் சோயா நிறத்துக்கானது. அதை ஊற்றினால் மீன் கறுத்துப்போகும்.

கடையில் கேட்பதென்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: "மீனை வெட்டாமல் முழுசா அவிச்சுத் தாங்கோ, தூள் வேண்டாம், தண்ணியை ஊத்திப்போட்டு சோஸ் விடுங்கோ." கூடவே வெள்ளைச் சோறு கேளுங்கள், பிரைட் ரைஸ் இந்த மீனை அமுக்கிவிடும். மேல்பக்கம் தீர்ந்ததும் மீனைப் புரட்ட வேண்டாம். தென்சீன மீனவருக்கு மீனைப் புரட்டுவது படகு கவிழ்வதற்குச் சமம். எங்கள் கடற்கரைக்கும் அந்தப் பயம் புரியும். நடுமுள்ளைத் தலையோடு தூக்கி எடுத்துவிட்டுக் கீழ்ப்பக்கத்தைச் சாப்பிடுங்கள். கன்னத்துச் சதையை யார் எடுப்பது என்று முதலே பேசிக்கொள்ளுங்கள். அடியில் மிஞ்சும் எண்ணெயும் சோஸும் சோற்றுக்கு.