நிசாகந்திக்காக எழுதிய கேமரா ஸ்க்ரிப்ட்

மாடித் தொட்டியில் இருக்கும் நிசாகந்தி இந்த முறை நான்கு மொட்டு விட்டது. அம்மா அதை பிரம்மகமலம் என்பார். ஒரு பூவுக்கு ஒரே ஒரு இரவுதான். இருட்டியதும் விரியத் தொடங்கி, விடியும்போது தலை தொங்கிவிடும். இதை டைம்லாப்ஸ் (இடைவெளி விட்டுப் படங்கள் எடுத்து வேகமாக ஓட்டும் வீடியோ) எடுக்க வேண்டும் என்று போன வருடமே ஆசை. கையில் ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற குட்டிக் கணினி ஒன்று சும்மா கிடந்தது, அதற்கான கேமரா மாட்யூல் 3 மட்டும் வாங்கினேன். ஜீரோவின் கனெக்டர் சின்னது, ஒரு முனை குறுகலான பட்டைக் கேபிள் தனியாக வேண்டும். அது வந்து சேர ஒரு வாரம்.

30 விநாடிக்கு ஒரு படம், இரவு 7 மணியிலிருந்து 1 மணி வரை. மொத்தம் 720 படம், விநாடிக்கு 24 வீதம் ஓட்டினால் அரை நிமிட வீடியோ. படத்தின் அளவு 2304 x 1296 போதும் என்று வைத்தேன், 512 எம்பி ரேம்தானே, அதைப் போட்டு வதைப்பானேன்.

எல்லாவற்றையும் கேமராவே முடிவுசெய்யட்டும் என்று ஆட்டோ அமைப்பில் விட்டதில் முதல் மொட்டு போச்சு. தனித்தனியாகப் பார்த்தால் படங்கள் நன்றாகத்தான் இருந்தன, சேர்த்து ஓட்டினால் சாகப்போகிற டியூப்லைட் மாதிரி மினுக்கு மினுக்கு என்றது. காரணம் எளிது: ஒவ்வொரு படத்துக்கும் கேமரா புதிதாக முடிவெடுக்கிறது, வெள்ளைப் பூ விரிய விரிய வெளிச்சம் அதிகமாகிவிட்டது என்று நினைத்து இருட்டாக்குகிறது, பக்கத்து வீட்டு மாடியில் யாரோ விளக்கைப் போட்டால் நிறமே மாறுகிறது.

சரி, எல்லாவற்றையும் பூட்டிவிடலாம் என்று, கேமராவை இயக்கும் பைதான் நூலகமான பைக்கேமரா2-ஐ வைத்து எழுதிய ஸ்க்ரிப்டின் (நிரலின்) தலையிலேயே ஒரு டிக்‌ஷனரி எழுதினேன். அமைப்பின் பெயரும் அதன் மதிப்புமாக நான்கு: எக்ஸ்போஷர் டைம் (ஒரு படத்துக்கு வெளிச்சம் வாங்கும் நேரம்), அனலாக் கெயின் (வாங்கிய வெளிச்சத்தைப் பெருக்கும் அளவு), கலர் கெயின்ஸ் (சிவப்பையும் நீலத்தையும் பெருக்கும் அளவு), லென்ஸ் பொசிஷன் (ஃபோகஸ் எங்கே என்பது). எக்ஸ்போஷரும் கெயினும் கையால் கொடுத்தால் ஆட்டோ எக்ஸ்போஷர் ஒதுங்கிக்கொள்ளும், கலர் கெயின்ஸ் கொடுத்தால் நிறத்தைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் ஒதுங்கும். ஃபோகஸுக்கு மட்டும் மேனுவல் என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

எக்ஸ்போஷர் மைக்ரோ விநாடியில். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல்பு விநாடிக்கு 100 தடவை துடிக்கும், எக்ஸ்போஷர் 10000-இன் மடங்காக இருந்தால் எல்லாப் படத்துக்கும் ஒரே அளவு வெளிச்சம் விழும். 200000 என்று கொடுத்தேன், கெயின் 4. படம் கும்மிருட்டு. கெயினை ஏற்றினால் புள்ளி புள்ளியாக இரைச்சல். ஒரு மணி நேரம் பல்பை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் மெட்டாடேட்டாவை, அதாவது படம் உண்மையில் எந்த அமைப்பில் எடுக்கப்பட்டது என்ற விவரத்தை, திரையில் அச்சிட்டுப் பார்த்தேன். எக்ஸ்போஷர் 83 ஆயிரத்துச் சொச்சம்! பழைய சோதனை ஸ்க்ரிப்டிலிருந்து பிரிவ்யூ கான்ஃபிகரேஷனை (நேரடி முன்னோட்டத்துக்கான அமைப்பை) அப்படியே ஒட்டியிருந்தேன். அதில் ஒரு ஃப்ரேமின் கால வரம்பு 83333 மைக்ரோ விநாடி, நாம் எவ்வளவு கேட்டாலும் அதற்கு மேல் தராது, தரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவும் சொல்லாது. தனிப் படம் எடுப்பதற்கான ஸ்டில் கான்ஃபிகரேஷனுக்கு மாற்றியதும் கேட்டதற்குச் சில மைக்ரோ விநாடி குறைவாக வந்தது, அது போதும். இப்போது ஒவ்வொரு படத்தோடும் அதன் மெட்டாடேட்டாவை ஒரு கோப்பில் எழுதிவிடுகிறேன்.

நிறத்துக்குப் பெரிதாகச் சிரமமில்லை. பூ இருக்கும் இடத்தில் வெள்ளைத் தாளைப் பிடித்து, ஆட்டோவை ஓடவிட்டு, அது நிலைத்ததும் கிடைத்த இரண்டு எண்களை எடுத்துக்கொண்டேன். சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று.

இரண்டாவது மொட்டைக் கெடுத்தது முழுக்க என் அவசரம். கேமராவிலிருந்து பூவுக்கு 40 செ.மீ., அதனால் லென்ஸ் பொசிஷன் 0.4 என்று போட்டேன். அந்த எண் மீட்டர் இல்லை, டயாப்டர், அதாவது 1-ஐ மீட்டரால் வகுத்தால் வருவது. 0.4 என்றால் இரண்டரை மீட்டர். போனில் சின்னதாகப் பார்த்தபோது தெரியவில்லை. காலையில் பெரிதாக்கிப் பார்த்தால் பூ வெறும் வெள்ளைப் பஞ்சு, பின்னால் கைப்பிடிச் சுவரில் காய்ந்த பாசி மட்டும் இழை இழையாகத் துல்லியம். 720 படத்திலும் அதே பாசி. 0.4 மீட்டருக்கு வர வேண்டியது 2.5.

மூன்றாவது மொட்டு சரியாக வந்தது. மினுக்கல் இல்லை. எட்டே முக்காலுக்கு வெளி இதழ்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் வளைவதும், பத்தரைக்குள் உள்ளே மகரந்தக் கொத்து தெரிவதும் அப்படியே பதிவாகியிருக்கிறது. அம்மா போனை வாங்கி ஐந்து தடவை பார்த்தார். ஒரு குறை, முழுசாக விரிந்த பூ கேமராவை நோக்கி முன்னால் வந்துவிட்டது, நுனி இதழ்கள் லேசாகக் கலங்கல். நாலாவது மொட்டு இப்போது மேல்நோக்கி வளைய ஆரம்பித்திருக்கிறது, ஓரிரு நாளில் விரியும். தொட்டியை நகர்த்தவில்லை, லென்ஸ் பொசிஷனை மட்டும் 2.8, அதாவது சுமார் 36 செ.மீ., ஆக்கி வைத்திருக்கிறேன்.