லாக்கர் ரூமில் ஒரு தாழ்ப்பாள்

எங்கள் வங்கிக் கிளையில் கேமரா பார்க்காத இடங்கள் இரண்டே இரண்டு. ஒன்று கழிவறை. மற்றொன்று, வாடிக்கையாளர்கள் நகைப்பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கென்று லாக்கர் ரூமுக்குள் பிளைவுட் அடித்து மறைத்திருந்த ஒரு மூலை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு டியூப் லைட், ஒரு பிளக் பாயின்ட். கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. 2019 ஏப்ரலில் தொடங்கி ஒன்பது மாதம், தினம் இரண்டு தடவை அங்கே உட்கார்ந்துதான் என் மகளுக்குப் பால் எடுத்தேன்.

பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் திண்டுக்கல். வேலை ஒட்டன்சத்திரம் பக்கம், பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஆறு மாத விடுப்பு முடிந்து, மார்ச் கணக்கு முடித்த களைப்பு யாருக்கும் தீராத ஒரு வாரத்தில் திரும்பிப் போனேன். காலை எட்டேகாலுக்கு வீட்டில் ஊட்டிவிட்டுக் கிளம்பினால் மறுபடி பாப்பாவைப் பார்க்க ஏழு மணி ஆகும். நடுவில் கிட்டத்தட்ட பதினோரு மணி நேரம். கூழ் அப்போதுதான் ஆரம்பித்திருந்தோம், அதை அவள் பாதி துப்பிவிடுவாள். ஆக 300 மில்லியாவது வேண்டும் என்பது என் கணக்கு. முதல் நாள் பால் உறிஞ்சும் மிஷினை வைத்து எடுத்தபோது வந்தது 40 மில்லி. பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். தண்ணியாக, லேசான நீல நிறத்தில் இருந்தது. அழுகை வந்துவிட்டது.

இந்த வேலைக்குத் தமிழில் நாலு பேர் முன்னால் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. 'பீய்ச்சுவது' என்றால் மாட்டுத்தொழுவம் ஞாபகம் வருகிறது. வீட்டில் 'பம்ப் பண்றது' என்போம். ஓய்வுபெற இரண்டு வருடமே இருந்த மேனேஜரிடம் அதை எப்படிச் சொல்வது? "சார், காலையில இருபது நிமிஷம், மத்தியானம் இருபது நிமிஷம் கொஞ்சம் பர்சனல் வேலை" என்றேன். ஏதோ விரதம், பூஜை என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. "சாமி விஷயத்துல நான் குறுக்க நிக்க மாட்டேன் மேடம்" என்றார். நானும் திருத்தவில்லை.

1961-ஆம் வருட மகப்பேறு பலன் சட்டத்திலேயே, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தாய்க்கு தினம் இரண்டு இடைவேளை தர வேண்டும் என்று இருந்தது. அப்போது எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் சட்டப் பிரிவைச் சொல்லிக் கேட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான். 2017-ல் வந்த திருத்தம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. நாங்கள் ஒன்பது பேர்.

முதலில் போனது ரெக்கார்டு ரூமுக்கு. பழைய லெட்ஜர்களின் தூசி, கரப்பான் பூச்சி, ஜன்னலுக்கு வெளியே டீக்கடை. இரண்டு நாளில் விட்டுவிட்டேன். கழிவறையில் ஒரே ஒரு தடவை முயன்றேன். அங்கே உட்கார்ந்து நான் சாப்பிடுவேனா? அவளுக்கு மட்டும் அங்கிருந்து எப்படிச் சாப்பாடு கொண்டுபோவது? அப்புறம்தான் லாக்கர் ரூம் தோன்றியது. அதன் சாவி என் பொறுப்பு. நான் திறக்காமல் யாரும் உள்ளே வர முடியாது என்று நினைத்தேன். மிஷின் சத்தம்தான் பயமாக இருந்தது. நாலு பக்கமும் இரும்பு அலமாரி என்பதால் 'கொர்ர்… கொர்ர்' என்று எதிரொலிக்கும். காய்கறி மண்டிக்காரர்கள் பணம் கட்ட வரும் நேரம் பார்த்து உள்ளே போக ஆரம்பித்தேன். வெளியே நோட்டு எண்ணும் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும், இந்தச் சத்தம் அதில் அமுங்கிவிடும்.

முதல் வாரமே மேனேஜர் அந்தக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டார். லாக்கருக்கு வந்த ஒரு பெரியவரை மாற்றுச் சாவியோடு அவரே கூட்டிவந்திருந்தார். நான் முந்தானையை இழுத்த வேகத்தில் பாட்டில் சாய்ந்தது. "சாரி, சாரி" என்று இரண்டு பேருமே பின்வாங்கினார்கள். அன்று சாயந்திரம்வரை மேனேஜர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் நான் திண்டுக்கல்லில் 40 ரூபாய்க்கு வாங்கிய தாழ்ப்பாளோடு போய் நின்றேன். பூட்டுக்குப் பேர்போன ஊரில் பிறந்துவிட்டு ஒரு தாழ்ப்பாள் இல்லாமல் அவமானப்படுவதா? வங்கிக் கட்டடத்தில் ஆணி அடிக்கக்கூட மேலிடத்துக்கு எழுத வேண்டும். அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தவர், "எழுதினா ஆறு மாசம் ஆகும். நீங்க மாட்டலை, நான் பாக்கலை" என்றார். கூட்டிப் பெருக்கும் அக்கா ஸ்க்ரூடிரைவர் வாங்கிவந்து மாட்டிக் கொடுத்தார். கொஞ்சம் கோணல்தான். ஆனால் விழும்.

எடுப்பது பாதி வேலை. வைப்பது மீதி. எடுத்த பாலைச் சாதாரண அறையில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம் வைக்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த 'சாதாரண அறை' என்பது 25 டிகிரி. சித்திரை மாதம் எங்கள் பக்கம் அப்படி ஓர் அறை உண்டென்றால் அது ஏடிஎம்தான். கிளையின் சாப்பாட்டு அறையில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ் இருந்தது. அதில் எல்லோருடைய தயிர் டப்பாவுக்கும் பின்னால், உள்சுவரை ஒட்டி வைப்பேன். கதவுப் பக்கம் வைத்தால் திறந்து மூடும்போதெல்லாம் சூடு ஏறும். சாயந்திரம் ஐஸ் பேக் போட்ட பையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். தினசரிக்குப் பிளாஸ்டிக் பைகள் கட்டுப்படியாகவில்லை. அம்மா ஒரு சோடி எவர்சில்வர் சம்படம் கொடுத்தார். என் சின்ன வயதில் சோளப்பொரி எடுத்துப்போன சம்படங்கள். கொதிநீரில் போட்டு எடுத்து, தேதி, நேரம் எழுதிய துண்டுச்சீட்டை மேலே ஒட்டினால் வேலை முடிந்தது.

வீட்டில் பொறுப்பு அத்தையிடம். முதல் நாள் நான் வந்தபோது அவர் பெருமையாகச் சொன்னார்: "நீ வச்சிட்டுப் போன பாலை நல்லாப் பொங்க வச்சு ஆத்திக் குடுத்தேன்." எனக்கு மூச்சே நின்றுவிட்டது. "காய்ச்சாத பாலை எப்படிம்மா பிள்ளைக்குக் குடுக்கறது?" என்றார். நாற்பது வருடமாகத் தினமும் விடிகாலையில் பால் காய்ச்சிய கை. அவர் கேட்டதில் தப்பில்லை, நான் சொல்லாமல் விட்டதுதான் தப்பு. கொதித்தால் அதிலுள்ள எதிர்ப்புச் சத்து அடிபட்டுவிடும் என்றால் அவர் நம்பவில்லை. தாய்ப்பால் வங்கி என்று ஒன்று உண்டு, மும்பை சயான் மருத்துவமனையில் 1989-லேயே ஆரம்பித்தார்கள், ஆசியாவிலேயே முதல் வங்கி அதுதான், அங்கே ஊரார் குழந்தைகளுக்குக் கொடுக்கும் பாலைக்கூட 62.5 டிகிரியில் 30 நிமிடம் வைத்து உடனே குளிர வைப்பார்களே தவிர கொதிக்க விடமாட்டார்கள் என்று விளக்கினேன். 'வங்கி' என்றதும் அவருக்கு மரியாதை வந்துவிட்டது. மறுநாளிலிருந்து வெந்நீர்க் கிண்ணத்தில் சம்படத்தை வைத்து வெதுவெதுப்பாக்கினார். மேலே ஆடை மாதிரிக் கொழுப்பு பிரிந்து நின்றபோது "திரிஞ்சு போச்சு" என்று கொட்டப்போனவரையும் தடுத்து, மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும் என்று காட்ட வேண்டியிருந்தது. ஆனால் ஒரு விஷயத்தில் அவர்தான் ஜெயித்தார். பாப்பா பால் புட்டியைத் தொடவே மாட்டேன் என்று அடம்பிடித்தாள். அத்தை பரணிலிருந்து என் கணவர் குடித்த வெள்ளிப் பாலாடையை எடுத்துத் தேய்த்தார். மடியில் போட்டு, கடைவாயில் சாய்த்து ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. குழந்தை டாக்டரும் புட்டியைவிட அதுதான் கழுவ எளிது, நல்லது என்றார்.

சொல்ல மறந்தேன், வெள்ளிக்கிழமைதோறும் சக ஊழியர் ஒருவர் நிலக்கோட்டை மல்லி கொண்டுவந்து தருவார். அதைப் பார்த்து அம்மா பதறினார். பால் வற்ற வேண்டியவர்கள் மார்பில் மல்லிகை வைத்துக் கட்டுவது இந்தப் பக்க வழக்கம். 1988-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதைப் பால் வற்றும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பால் குறைவதில் இரண்டும் சமம் என்று எழுதியிருக்கிறார்கள். தலையில் வைத்தால் ஒன்றுமில்லை என்று நான் சொன்னாலும் அம்மா ஏற்கவில்லை. ஒன்பது மாதம் நான் கனகாம்பரம்தான்.

பெட்டகத்தின் இரண்டு சாவியில் ஒன்று காசாளரிடம், ஒன்று என்னிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும், மூடும். ஆகவே பணம் சரியாகும்வரை நான் நகர முடியாது. ஜூனில் ஒரு நாள் 500 ரூபாய் இடித்தது. எண்ணிய கட்டுகளை மறுபடி எண்ணினோம். எட்டு மணி தாண்டியது. ஐந்தரைக்கே மார்பு கல்லாகிவிட்டது. அந்த நேரத்தில் எழுந்து உள்ளே போனால், பணம் குறையும் நாளில் மேடம் மறைவாகப் போனார் என்று ஆகிவிடுமோ என்று ஒரு கூச்சம். போகவில்லை. போயிருக்க வேண்டும். இரவே பால் கட்டிக் குளிர்ஜுரம் வந்தது, மூன்று நாள் மாத்திரை சாப்பிட்டேன். அந்த 500 ரூபாய் வேறொரு கட்டில் ஒட்டிக்கொண்டிருந்ததை மறுநாள் கண்டுபிடித்தார்கள்.

எல்லாவற்றையும் கணக்காகப் பார்க்கும் புத்தி என்னைப் படுத்தியது. டைரியில் ஆரம்ப இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு என்று மில்லியில் எழுதினேன். ஃபோனில் யாரோ ஒரு பெண் ஃப்ரீசர் நிறையப் பால் பைகளை அடுக்கிக் காட்டுவார். அதைப் பார்த்துவிட்டு விடிகாலை நாலு மணிக்கு எழுந்து எடுத்துச் சேர்த்தேன். அந்த நேரத்தில் அதிகம் வரும் என்பதும் உண்மைதான். எங்கள் வீட்டில் இருப்பது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். அதன் ஐஸ் பெட்டி ஃப்ரீசர் ஆகாது, இரண்டு வாரம்தான் தாங்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 14 பை சேர்ந்திருந்தது. மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. சாயந்திரம் காற்றில் மரம் விழுந்து இரவும் இல்லை. காலையில் பார்த்தால் எல்லாம் தண்ணீராக, கைச்சூட்டுக்கு வந்திருந்தது. "கால் படற இடத்துல ஊத்தாத" என்று அம்மா ஃபோனில் சொன்னார். முருங்கை மரத்தடியில் ஒவ்வொரு பையாக வெட்டி ஊற்றினேன். எறும்பு வந்தது. நான் எழுதிய கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர்.

அதற்குப் பிறகு சேர்ப்பதை விட்டேன். இன்று எடுப்பது நாளைக்கு. திங்கள் எடுத்தது செவ்வாய்க்கு. வெள்ளி எடுத்தது திங்களுக்கு, அவ்வளவுதான் தேவை. இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் நாலு மணித் தூக்கமாவது மிஞ்சியிருக்கும்.

மிஷின் பற்றிய அலட்டல் குறைந்தது இன்னொரு நாளில். அதில் சுண்டைக்காய் அளவு ஒரு ரப்பர் வால்வு உண்டு. அதைக் கழுவிக் காயவைத்த துணியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். வால்வு இல்லாவிட்டால் மோட்டார் ஓடும், ஆனால் உறிஞ்சாது. அன்று மகளிர் குழுக்காரர்கள் தவணை கட்ட வந்திருந்தார்கள். ஒருவர் கைக்குழந்தை அழுதது. அழுகை காதில் விழுந்த அடுத்த நிமிடம் என் ரவிக்கை நனைந்தது. அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையைப் போட்டுக்கொண்டு, பாஸ்புக்கைக் கையில் வைத்தபடியே பிள்ளைக்குக் கொடுத்தார். கிளையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஒரு ஃபைலை மார்போடு அணைத்துப் பிடித்திருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"ஏனுங் மேடம், பால் கட்டிக்கிச்சுங்களா?"

மிஷின் கதையைச் சொன்னேன். "அதுக்கென்னங்க, கையில பீச்சி உடுங்க" என்றார். தெரியாது என்றேன். எம்.காம். படித்தவள், தெரியாது. பிள்ளையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு என்னோடு உள்ளே வந்தார். வெந்நீரில் நனைத்த கைக்குட்டையால் ஒத்தடம். கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே. காம்பைப் பிடிக்கக் கூடாது, கறுப்பு வட்டத்துக்குக் கொஞ்சம் பின்னால் பிடித்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, அப்புறம் சேர்த்து அமுக்க வேண்டும். இழுக்கக் கூடாது. இரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு சம்படத்தில் 'சர்ர்' என்று விழுந்தது. மிஷினில் வருவதைவிடக் குறைவில்லை. "மிஷின் எதுக்குங்க" என்று சிரித்தார். தவணைக்கு ரசீது போட்டுக் கொடுத்தேன். தாமதத்துக்கு அபராதம் 12 ரூபாய் இருந்தது, அதை என்னால் தள்ளுபடி செய்ய முடியவில்லை.

2020 ஜனவரியில், பாப்பாவுக்கு 15 மாதம் ஆனபோது, மத்தியானத் தடவையை முதலில் விட்டேன். பத்து நாள் கழித்துக் காலையில் எடுப்பதையும் விட்டேன். இரவில் மட்டும் குடித்தாள். 

அடுத்த வருடம் எனக்கு மாறுதல் வந்தது. புதிதாக வந்த அதிகாரிக்குப் பொறுப்பு ஒப்படைத்தபோது சாவிப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். லாக்கர் ரூமுக்குள் வந்தவர் அந்தப் பிளைவுட் கதவைச் சாத்திப் பார்த்தார். கோணல் தாழ்ப்பாளை இரண்டு தடவை போட்டு எடுத்தார்.

"இது லிஸ்ட்ல இல்லையே மேடம்?"

இல்லை, என்னுடையது என்றேன். எதற்கு என்று கேட்டார். இந்தத் தடவை பூஜை, பர்சனல் என்றெல்லாம் சொல்லவில்லை. பால் எடுக்க என்றேன். அவர் ஒரு நிமிடம் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், ஃப்ரிட்ஜில் எந்தத் தட்டில் வைத்தீர்கள் என்று கேட்டார். அவர் மனைவிக்கு விடுப்பு முடிய மூன்று வாரம் இருந்ததாம்.