பின்னோக்கி ஓர் அடி

பூப்பந்தாட்டத்தில், அதாவது பேட்மிண்டனில், வலக்கையால் ஆடுபவனுக்கு இடப்பக்கப் பின்மூலை எப்போதுமே தலைவலிதான். அந்த மூலைக்கு உயர்ந்து வரும் பந்தை பேக்ஹேண்டில், அதாவது புறங்கைப் பக்கமாக, திருப்பத் தெரியாத என்னைப் போன்றவர்கள், உடம்பைத் திருப்பிக்கொண்டே பின்னால் பாய்ந்து, மட்டையைத் தலைக்கு மேலாகச் சுழற்றி, இடக்காதுக்கு மேலே பந்தைச் சந்திப்போம். அடித்து முடிக்கும் கணத்தில் காற்றிலேயே கால்கள் இடம் மாறி, இடக்கால் மட்டும் பின்கோட்டருகே ஊன்றும். பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும் உடம்பின் முழுப் பாரத்தையும் அந்த ஒரு பாதம் தாங்கி, நிறுத்தி, உடனே முன்னால் தள்ளிவிட வேண்டும். பதினோரு வயதிலிருந்து அந்த அடியை எத்தனை ஆயிரம் முறை வைத்திருப்பேன் என்று கணக்கில்லை. 2023 பிப்ரவரியில், தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம், அந்த அடியில்தான் என் இடது குதிகால் தசைநாண் அறுந்தது.

யாரோ பின்னாலிருந்து கெண்டைக்காலில் ஓங்கி உதைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். திட்டுவதற்காகத் திரும்பிப் பார்த்தால் பின்னால் மண்டபத்துச் சுவரைத் தவிர யாரும் இல்லை. வலை அருகே நின்றிருந்த என் ஜோடிக்கும் சத்தம் கேட்டிருக்கிறது. அவனும் நானும் ஒரே ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் என்பதால், உச்சி வெயிலில் ரப்பர்க் காய் வெடித்த மாதிரி இருந்தது என்று அவன் சொன்னபோது, அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது என்று எனக்கும் பட்டது.

வலி நான் பயந்த அளவுக்கு இல்லை, அதுவே கேடாகவும் முடிந்தது. நொண்டி நொண்டி நடக்க முடிந்ததால், மறுநாள் போன கிளினிக்கில் சுளுக்கு என்று சொல்லி, வலி மாத்திரையும் துணிக்கட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தோட்டத்து மாமா ஒருவர் மூன்று இரவு தைலம் போட்டு உருவிவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. கண்ணால் பார்க்க முடியாததைக் கையால் சரிசெய்யப் பார்த்தார், அவ்வளவுதான். ஆனால் ஒன்பதாம் நாளாகியும் இடக்காலின் நுனிவிரல்களில் என்னால் எழும்ப முடியவில்லை. அதன்பிறகு பார்த்த வேறொரு மருத்துவர் என்னைக் குப்புறப் படுக்க வைத்து, இரு கெண்டைச் சதைகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்து அழுத்தினார். வலது பாதம் தானாக அசைந்து கொடுத்தது. இடது பாதம் கயிறு அறுந்த கோயில் மணி போலச் சும்மா தொங்கியது. படம் எடுக்காமலே, அறுந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்.

கெண்டைச் சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் இந்த நாண்தான் மனித உடம்பிலேயே தடிமனானது. இருந்தும், குதிகாலுக்குச் சில சென்டிமீட்டர் மேலே ரத்த ஓட்டம் குறைந்த ஒரு பகுதி உண்டு; பெரும்பாலும் அந்த இடத்தில்தான் அறுகிறது. முப்பது, நாற்பது வயதுகளில், வாரம் முழுவதும் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு ஒன்றிரண்டு நாள் மட்டும் பாய்ந்து பாய்ந்து ஆடும் ஆண்களுக்குத்தான் இது அதிகம் நேர்கிறது என்று மருத்துவர் விளக்கியபோது, என் வாழ்க்கைக் குறிப்பை யாரோ எழுதிக் கொடுத்துவிட்டார்களோ என்று தோன்றியது. எனக்கு வயது நாற்பத்து மூன்று. செம்பனை எண்ணெய் ஆலையின் எடைமேடையில், குலை ஏற்றி வரும் லோரிகளின் எடையைப் பதிந்தபடி எட்டு மணி நேரம் நாற்காலியிலேயே இருப்பவன் நான். செவ்வாயும் வெள்ளியும் இரவு எட்டு மணிக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரத்து மண்டபத்தில், காலைக்கூட நீவிவிடாமல், நேரே ஆடுகளத்துக்குள் இறங்கிவிடுவேன்.

அந்தப் பழக்கம் தோட்டத்திலிருந்து வந்தது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் செம்மண் தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டு, இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே வலை கட்டி, காற்று அடங்கும் மாலை நேரத்துக்காகக் காத்திருந்து ஆடியவர்கள் நாங்கள். பள்ளிக்கும் ஆற்றுக்கும் கடைக்கும் நாள் முழுவதும் நடந்தே திரிந்த கால்களுக்குத் தனியாகச் சூடேற்றும் பயிற்சி எதற்கு? ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போய்வந்த அப்பா, பசியாறிய பின் திண்ணையில் சாய்ந்துகொண்டு, 1971-இல் இங் பூன் பீயோடு சேர்ந்து அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தை வென்ற பஞ்ச் குணாளனைப் பற்றி, நேரில் பார்த்தவர் போலவே சொல்வார். நம் இனத்துப் பையன் ஒருவன் அவ்வளவு தூரம் போய் ஜெயித்திருக்கிறான் என்பதற்கு மேல் அவருக்கு அந்த ஆட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாது. எனக்கு மட்டை வாங்கிக் கொடுக்க அது போதுமானதாக இருந்தது. இப்போது அந்த ரப்பர் மரங்களும் இல்லை, லயமும் இல்லை. ஆடியவர்களில் பாதிப் பேர் நகரத்து வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்துவிட்டோம். வாழ்க்கையில் மற்றதெல்லாம் மாறிய பிறகும் மாறாமல் கூட வந்தது இந்த ஆட்டம் ஒன்றுதான் என்பதால், அதை விட்டுவிடச் சொன்னவர்களின் பேச்சு என் காதில் ஏறவில்லை.

ஈப்போவில் அறுவை சிகிச்சை நடந்தது. அதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு நினைவும் இல்லை. பிறகு, பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி குதிகாலுக்கு அடியில் ஆப்புத் துண்டுகளை அடுக்கிய கனத்த காலணி ஒன்றை மாட்டிவிட்டார்கள். சில நாட்களுக்கு ஒரு முறை ஒரு துண்டை எடுப்பார்கள். பாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சமநிலைக்கு இறங்கும். ஏப்ரல் இறுதியில் அதைக் கழற்றியபோது, இடது கெண்டைக்கால் பாதியாகச் சூம்பிக் கிடந்தது. அம்மா பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் அடுக்களைக்குள் போய்விட்டார்.

உண்மையான வேலை அதன்பிறகுதான் தொடங்கியது. இயன்முறைச் சிகிச்சை அளித்த மலாய்ப் பெண்ணுக்கு என் மகளைவிடச் சில வயதுதான் கூடுதலாக இருக்கும். 'பெலான் பெலான், என்சிக்' (மெதுவாக, மெதுவாக, ஐயா) என்பதை அவர் ஒரு நாளைக்கு இருபது முறையாவது சொல்வார். அடுக்களைத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகால்களையும் ஒன்றாகத் தூக்கி இறக்குவதுதான் முதல் பாடம். இரண்டு காலில் எழும்பி இடக்காலில் மட்டும் இறங்குவது அடுத்தது. இடக்காலில் மட்டும் ஒரே ஒரு முறை எழும்ப எனக்கு ஜூலை வரை ஆனது. வலக்காலால் இருபத்தைந்து முறை எழும்ப முடிகிறதென்றால், இடக்காலும் அதில் பத்தில் ஒன்பது பங்காவது செய்யும் வரை மட்டையைத் தொடக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. தீபாவளிக்குப் பதினாறு; டிசம்பர் கடைசியில் இருபத்து மூன்று.

எண்ணிக்கையில் நான் ஜெயித்துவிட்டேன் என்று மகிழ்ந்தபோதுதான் அவர் இன்னொன்றைச் சொன்னார். அறுந்து கூடிய நாண் பெரும்பாலும் பழையதைவிடச் சற்றே நீண்டுவிடும். எனவே எத்தனை முறை எழும்பினாலும் பழைய உயரம் வராது. சந்தேகப்பட்டு, வீட்டில் அடுக்களைச் சுவரை ஒட்டி நின்று, வலக்காலில் எழும்பியபோது தலை தொட்ட இடத்திலும், இடக்காலில் எழும்பியபோது தொட்ட இடத்திலும் பென்சிலால் கோடு போடச் சொன்னேன். இரண்டுக்கும் நடுவே ஒரு விரற்கடைக்கு மேல் வித்தியாசம். கோடு போட்ட என் மனைவி, "இதுக்காகவாங்க எட்டு மாசமா இந்தத் தொட்டியைப் புடிச்சிக்கிட்டு நின்னீங்க?" என்று கேட்டாள்.

2024 ஜனவரியில் மண்டபத்துக்குத் திரும்பினேன். எல்லாரும் தோளில் தட்டி, பயப்படாமல் ஆடு, மனத்தைரியம்தான் முக்கியம் என்றார்கள். அன்பால் சொன்னதுதான். ஆனால் அந்த அறிவுரையால் எனக்கு எள்ளளவும் பயனில்லை. ஏனென்றால் என் பயம் மனத்தில் இல்லை, காலில் இருந்தது. மனம் போ என்று சொல்லும்போதே இடக்கால் அரை நொடி தாமதித்தது. முன்னால் பாய்வதிலோ பக்கவாட்டில் நகர்வதிலோ எந்தத் தயக்கமும் இல்லை. அந்தப் பின்மூலைக்குப் போகும் ஓர் அடியில் மட்டும் பாதம் தரையைப் பிடித்துக்கொண்டது. சுமார் ஐந்து கிராம் எடையுள்ள, பதினாறு இறகுகள் கொண்ட ஒரு பொருளைக் கண்டு ஒரு முழு மனிதன் ஒதுங்கி நிற்பது பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும்.

ஆகவே ஜோடிக்குள் இடம் மாற்றிக்கொண்டோம். முப்பது ஆண்டுகளாகப் பின்னால் நின்று ஸ்மாஷ் அடித்தவன் நான். வலைக்கருகே நின்று மிச்சத்தை முடித்தவன் அவன். இப்போது நான் முன்னால். வலையின் நடுப்பகுதி தரையிலிருந்து 1.524 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருந்தவன், அந்த உயரத்தை ஒட்டி மட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பது எவ்வளவு நுட்பமான வேலை என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். வலிமையால் வென்ற புள்ளிகளையே இத்தனை காலமும் என் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன்; அவற்றில் பாதி, முன்னால் நின்று எதிராளியைப் பந்தைத் தூக்க வைத்த அவனுடையவை. இதை அவனிடம் சொன்னபோது, முப்பது வருடம் கழித்தாவது தெரிந்ததே என்று சிரித்தான்.

ஆனாலும் அந்த மூலையை விட எனக்கு மனமில்லை. மற்றவர்கள் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே போய், பந்தும் மட்டையும் இல்லாமல் அந்த அடியை மட்டும் துண்டு துண்டாகப் பழகினேன். முதலில் நடந்து போய் இடக்காலை ஊன்றுவது. பிறகு சிறிய துள்ளல். பிறகு கால் மாற்றம். பிறகு கையில் மட்டை. மார்ச் மாதத்தில் ஒரு நாள் அவன் எதிர்ப்பக்கம் நின்று, முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாக அந்த மூலைக்குப் பந்தைத் தூக்கிப் போட்டான். பத்தில் ஏழை விட்டுவிட்டேன். எட்டாவதாக வந்ததை அடித்து, ஊன்றி, முன்னால் வந்தபோது, பந்து வலையில்தான் விழுந்தது. நாங்கள் இருவரும் பந்தைப் பார்க்கவில்லை, என் காலைத்தான் பார்த்தோம்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 4, பாரிஸ் ஒலிம்பிக்கின் மகளிர் ஒற்றையர் அரையிறுதியைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஸ்பெயினின் கரோலினா மரினை நான் தொடர்ந்து கவனித்து வந்ததற்குக் காரணம் உண்டு. 2019 ஜனவரியில் ஜகார்த்தாவில் வலது முழங்கால் தசைநார் கிழிந்தும், அதே ஆண்டு செப்டம்பரில் சீனாவில் பட்டம் வென்றவர் அவர். 2021-இல் இடது முழங்கால் போய், டோக்கியோ ஒலிம்பிக்கையே இழந்து, மறுபடியும் எழுந்து வந்தவர். அந்த அரையிறுதியில் முதல் ஆட்டத்தை வென்று, இரண்டாவதிலும் முன்னிலையில் இருந்தபோது அதே வலது முழங்கால் மறுபடியும் மடங்கியது. அவர் தரையில் கிடந்து கதறியதைப் பார்த்ததும் நான் என்னையறியாமல் இடக்குதிகாலைக் கையால் பிடித்துக்கொண்டேன். அன்றே ஆரோன் சியாவும் சோ வூய் யிக்கும் நம் நாட்டுக்கு வெண்கலம் வாங்கிக் கொடுத்தார்கள். தெருவெல்லாம் அந்தப் பேச்சாக இருந்தது. நான் அந்தச் செவ்வாய் ஆடப் போகவில்லை. வேலை என்று பொய் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அவன் லோரியோடு வீட்டு வாசலுக்கே வந்து ஹாரன் அடித்தான். எதுவும் விசாரிக்கவில்லை, அவனும் அந்த ஆட்டத்தைப் பார்த்திருந்தான்.

இப்போது மாதத்தில் நான்கைந்து முறை அந்த அடியை நினைக்காமலே வைத்துவிடுகிறேன். வைத்த பிறகுதான் தெரிகிறது. மற்ற நேரங்களில் பந்து அந்த மூலைக்கு உயர்ந்தால், "விட்றா, என்னுது!" என்று அவன் குறுக்கே ஓடி வருகிறான். நானும் என்னுடையது என்று கத்துகிறேன். போன வெள்ளிக்கிழமை இப்படி இரண்டு பேரும் போய் மட்டையோடு மட்டை மோதியதில், அவனுடைய புது மட்டையின் விளிம்பு விரிந்துவிட்டது. அதற்கு யார் பணம் கொடுப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை.