கச்சான் காற்றில் கார் கழுவித் துடைப்பது: செய்து பார்த்தவை

கறுப்புக் கார், திருகோணமலை உப்புவெளியில் வீடு, சவர் கலந்த கிணறு. கழுவின காரைக் கறை விழாமல் காயவைக்க இதைவிடக் கஷ்டமான சேர்க்கை இருக்காது என்று நினைக்கிறேன். அதனால் இந்தக் கச்சான் காலம் முழுக்க ஒவ்வொரு முறையாகச் செய்து பார்த்து வருகிறேன், இதுவரை தெளிவானதை எழுதி வைக்கிறேன்.

முதலில் பிரச்சினை என்ன என்று சொல்ல வேண்டும். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தரைப்பக்கமிருந்து சூடாக, வறட்சியாக வீசுகிற இந்தக் கச்சான் காற்றில், கூரையைத் துடைத்துவிட்டு பொனற்றுக்கு வருவதற்குள் அங்கே தண்ணீர் காய்ந்துவிடுகிறது. காய்வது தண்ணீர் மட்டும்தான், அதில் கரைந்திருந்த கல்சியமும் மக்னீசியமும் உப்பும் அப்படியே பெயின்ற்றில் தங்கிவிடும். கிட்டப்போய்ப் பார்த்தால் ஒவ்வொரு துளியும் நடுவில் வெறுமையாக, விளிம்பில் மட்டும் வெள்ளை வரியாகக் காய்ந்திருக்கும், ஏனென்றால் துளி காயும்போது அதிலுள்ளதெல்லாம் ஓரத்துக்குத்தான் ஒதுங்குகிறது. புதிதாக விழுந்த கறை என்றால் வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் நனைத்து ஒற்றி, உடனே கழுவிவிட்டால் போய்விடும். வெயிலில் பல நாள் கிடந்த கறை, பெயின்ற்றுக்கு மேலே இருக்கிற நிறமில்லாத பூச்சான கிளியர்கோட்டையே அரித்துவிடும், அதைப் பொலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. வந்த வரியையும் விலையையும் பார்த்த பிறகு, இருக்கிற காரின் பெயின்ற்றைக் காப்பாற்றுவது எனக்கு விளையாட்டு வேலையாகத் தெரியவில்லை.

துணிகளுக்கு வருவோம். வீட்டுக் குளியல் துவாய் தண்ணீரை நன்றாக உறிஞ்சும், ஆனால் ஓரத் தையல் தடிப்பானது, பருத்தி நூலும் கழுவக் கழுவ முரடாகும், கறுப்புப் பெயின்ற்றில் அதன் கோடு வெயிலில் வடிவாகத் தெரியும். பழைய பெனியன் துணியும் அப்படித்தான், அதைச் சில்லுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அடுத்தது சாமோய், கார் துடைக்கிற மெல்லிய தோல். எங்கள் ஒழுங்கையில் பல வருடம் வான் ஓடின அண்ணை ஒருவர் சாமோய் தவிர வேறெதையும் தொடமாட்டார். “காய்ந்ததைப் போடாதை தம்பி, நனைச்சுப் பிழிஞ்சு போடு, அப்பதான் இழுக்கும்” என்றார். உண்மைதான், அப்படிப் போட்டால் நன்றாகவே இழுக்கிறது. என்னுடைய பயம் வேறு. சாமோய்க்கு மயிர் இல்லை, வழுவழுப்பான தோல், அதனால் ஒரு மணல் துகள் மிஞ்சியிருந்தாலும் அது உள்ளே புதையாமல் துணிக்கும் பெயின்ற்றுக்கும் நடுவிலேயே உருளும். கடற்கரை மணலில் குடியிருக்கிறவர்கள் இதை யோசிக்கத்தான் வேண்டும். ரப்பர் வைப்பரும் இதே காரணத்தால் கண்ணாடிக்கு மட்டும்தான்.

எனக்குப் பிடித்துப்போனது மைக்ரோபைபர் துவாய், அதிலும் முறுக்கு நூல் போட்டது. பொலியெஸ்டர் 70, பொலிஅமைட் 30 என்ற கலவையில் வருவது 80க்கு 20 ஆக வருவதைவிடக் கூட உறிஞ்சுகிறது. பெரிய துவாயாக எடுத்து, பொனற்றில் விரித்துப் போட்டு, இரண்டு மூலையைப் பிடித்து மெதுவாகத் தன்பக்கம் இழுத்தால் போதும், அழுத்தித் தேய்க்க வேண்டிய தேவையே இல்லை. கதவுக்கு மடித்து ஒற்றி எடுக்கலாம். கழுவும்போது சொஃப்ட்னர் ஊற்றக்கூடாது, நூலில் படலம் பிடித்து உறிஞ்சுவது குறைந்துவிடும். மற்ற உடுப்புகளோடு போட்டால் பஞ்செல்லாம் அதில் ஒட்டும், தனியாகத்தான் போட வேண்டும்.

ஆனால் துவாயைவிட வித்தியாசம் காட்டியது அதற்கு முன்னால் செய்கிற வேலை. கடைசி அலசலுக்கு ஹோஸின் முனையைக் கழற்றிவிட்டு, கூரையிலிருந்து தண்ணீரை மெல்ல விரிப்பாக ஓடவிட்டால், தண்ணீர் துளியாக நிற்காமல் தானே தன்னோடு இழுத்துக்கொண்டு கீழே போகிறது, வாக்ஸ் இருக்கிற பெயின்ற்றில் பெரும்பகுதி இப்படியே வடிந்துவிடும். இதற்குக் கிணற்றுத் தண்ணீர் எடுப்பதில்லை. கந்தளாயிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீர் எங்கள் கிணற்றைவிட எவ்வளவோ மேல், கடைசி அலசலுக்கு மட்டும் அதைப் பாவிப்பதால் பெரிய செலவும் இல்லை.

அதற்குப் பிறகு புளோவர். இலை ஊதுகிற சாதாரண மின் புளோவர்தான். பக்கக் கண்ணாடி, கதவுக் கைப்பிடி, பெற்றோல் மூடி, நம்பர் தட்டு, சில்லு நட்டுகள் என்று துணி போகாத இடமெல்லாம் ஊதிவிட வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் துடைத்து முடித்த பிறகு பக்கக் கண்ணாடிக்குள் இருந்து ஒரு கோடு கதவில் வழியும், அந்தக் கோடுதான் கறையாகும். முக்கியமான விஷயம்: ஊதுவதற்கு முன் முற்றத்து மணலை நன்றாக நனைத்துவிடுங்கள், இல்லையென்றால் புளோவர் அந்த மணலையே ஈரக் காரில் அடிக்கும்.

நேரம் வெள்ளென, வெயில் ஏறுவதற்கு முன். பின்னேரம் ஐந்து மணிக்கும் தகடு சூடாகத்தான் இருக்கிறது. வேப்பமரத்தடியில் கழுவினால் நிழல் கிடைக்கும், கூடவே சருகும் விழும், அதனால் கார் போர்ட்டிகோதான் சரி.

சிலர் கழுவிவிட்டு அப்படியே ஓட்டிக் காயவைக்கிறார்கள். காரின் உடம்புக்கு அது சரிவராது, ஈரத்தில் தூசி ஒட்டும். துடைத்து முடித்த பிறகு நிலாவெளி வீதியில் கொஞ்சத் தூரம் ஓடி நாலைந்து தரம் பிரேக் பிடித்துவிட்டு வருவது மட்டும் நல்லது, இந்த உப்புக்காற்றில் ஈர டிஸ்க் ஒரே இரவில் செம்மஞ்சளாகிவிடும். வந்ததும் கதவுகளைத் திறந்து அடி ஓரத்தையும் வடிகால் துளைகளையும் பார்க்கிறேன், அங்கே தேங்குகிற தண்ணீர்தான் துருவுக்கு ஆரம்பம்.

மாரி தொடங்கினதும் கூரையில் விழுகிற மழைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்துக் கடைசி அலசலுக்குப் பாவித்துப் பார்க்கப் போகிறேன், அதில் கல்சியம் மிகக் குறைவு. யாராவது ஏற்கெனவே செய்திருந்தால் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.